ஊர்ந்து வரும் தூரம்

நான்கு சர்க்யூட் போர்டுகளிலும் வெட்டு அடைபட்டிருந்தது.

அவள் ஒன்றை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ரிலே என்ற சின்ன மின்சுவிட்சின் அடியில் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு நீளமான ஒரு வெட்டு உண்டு. அதன் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. சாம்பல் நிறப் பசை. விரலால் நீவி, ஓரத்தைத் துணியால் துடைத்ததில் வழவழவென்று இருந்தது. நல்ல கைவேலை.

யார் என்று கேட்கத் தேவையில்லை. வீட்டில் இரண்டு பேர்தான்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க."

கணவன் டீ வடிகட்டியோடு வந்தான். மூன்று வாரமாக டீ அவன் பொறுப்பு.

"இத அடைச்சது நீங்களா?"

"ஆமா. நேத்து நீ கடைக்குப் போனப்ப. நாலுலயும் விரிசல் விட்டிருந்துச்சு. போர்டு அடிச்சுக் குடுத்தவன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"விரிசல் இவ்வளவு நேரா இருக்குமா?"

"நானும் அதான் நெனச்சேன். என்ன நேரா ஒடஞ்சிருக்குன்னு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"விரிசல் இல்ல. நான் வரைஞ்சது. வெட்டித்தான் தரணும்னு அவங்ககிட்ட ரெண்டு தடவ சொன்னேன்."

"சொல்லி வெச்சு ஓட்டை வாங்கினியா?"

அவன் வயர்மேன். இருபது வருடமாக வீடுகளுக்கும் கடைகளுக்கும் வயர் இழுப்பவன். அந்தத் தொழிலில் ஓட்டையைக் கண்டால் அடைக்க வேண்டும். ஓட்டை வழியாக எறும்பு வரும், பல்லி வரும், மழை வரும். அவள் ஸ்டெபிலைசர் செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடம் சோல்டர் வைத்தவள். பிறகு வீட்டு முன்னறையில் மேசை போட்டு, தெருவின் தண்ணீர் மோட்டார்களுக்கு டைமர் செய்து கொடுத்தாள். அதிலிருந்து அவளைவிட வயதானவர்களும் டைமர் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இருவர் தொழிலிலும் போர்டு உண்டு. அவன் போர்டு சுவரில் இருக்கும். அவள் போர்டு உள்ளங்கையில் அடங்கும். கல்யாணமான புதிதில், போர்டைக் கழுவி வையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். திரும்பி வந்தபோது, சுவரிலிருந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தான்.

"சனிக்கிழமை மாட்டணும்," என்றாள். "இன்னைக்குப் புதன். சுரண்டி எடுங்க."

அவன் உடைந்த ஹாக்சா பிளேடு ஒன்றைத் தேடி எடுத்தான். கைப்பிடிக்குத் துணி சுற்றினான். தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தான். வெளியே ஐந்தாம் நாளாக மழை. சுவரில் ஈரம் இடுப்பளவு ஏறியிருந்தது.

போர்டுகள் மூன்றாம் தெரு பேக்கரிக்கு. அங்கே மாவு பொங்க வைக்கும் அலமாரிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒன்றரைக் கிலோவாட் ஹீட்டர். தினம் யாராவது முன்னாலேயே வந்து சுவிட்சைப் போட வேண்டியிருந்தது. டைமர் போட்டு, ரிலே வழியாக ஹீட்டரை ஏற்றி இறக்கினால் அந்த வேலை மிச்சம். பேக்கரிக்காரர் அவளிடம் போர்டு சொன்னார். மாட்டுவதற்கு அவள் கணவனைச் சொன்னார். உன் வயரிங், உன் கைதான் படணும் என்றார். அவன் பார்க்கலாம் என்றான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சலவைக் கடையில் அவனைக் கரண்ட் தூக்கி அடித்தது. வலது கையில் மூன்று விரல்கள் மரத்துப்போயின. பத்து நாளில் சரியாகிவிட்டன. மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்றார். அவன் போகவில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டவர்களிடம் கை நழுவிடுச்சு என்றான். மனைவியிடமும் அதையேதான் சொன்னான். சனிக்கிழமை அவன் பேக்கரிக்கு வராவிட்டால் பேக்கரிக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். அதற்கடுத்த திங்கட்கிழமை அவன் எங்கே இருப்பான் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

முடிவு செய்தவள் குடையை மடக்கியபடி உள்ளே வந்தாள். அவனுடைய அக்கா. அடுத்த தெருவில் தையல்காரி. அவள் கணவருக்குத் திரைச்சீலைக் கடை.

"என்னடா, தரையில உக்காந்து விளையாடிக்கிட்டிருக்க?"

"சுரண்டுறேன்க்கா."

"அதுக்குத்தான் இவள கட்டிக்கிட்ட." நாற்காலியில் உட்கார்ந்தாள். "திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துடணும். உங்க மாமாகிட்ட சொல்லிட்டேன். ஜன்னலு அளவு எடுக்கணும், துணி வெட்டணும். அவ்வளவுதான். திரைச்சீலை இதுவரைக்கும் யாரையும் ஒதச்சதில்ல."

"உங்க தையல் மிஷின் ஒதச்சிருக்கே அண்ணி," என்றாள் மனைவி, சோல்டர் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்தபடி. "போன வருஷம்."

"அது வாய்விட்டுத் திட்டுற மாதிரி. இது ஆள முழுங்குற ஜாதி."

"டீ குடிக்கிறீங்களா?"

"அவன் போட்டதா? குடு. கையில தொழில் இருக்கான்னு பாப்போம்."

மனைவி டீயைக் கொடுத்துவிட்டுக் கணவன் பக்கத்தில் குந்தினாள். அவன் ஒரு வெட்டைப் பாதி திறந்திருந்தான்.

"ஓரத்துல ஒட்டியிருக்கறதும் போகணும்."

"போகும். ஆனா இந்த ஓட்டையால என்ன லாபம்னு இன்னும் சொல்லல நீ."

"கரண்ட் ரெண்டு விதமா வரும். காத்துல தாவும். இல்லன்னா போர்டு மேலயே ஊர்ந்து வரும். தாவுறதுக்கு ரொம்பத் தெம்பு வேணும். ஊர்றதுக்கு வேண்டாம். கொஞ்சம் ஈரம், கொஞ்சம் அழுக்கு போதும்."

"பேக்கரியில அழுக்கு ஏது? மாவுதான்."

"மாவுல ஈரம் பட்டா அதுதான் அழுக்கு. இங்க பாருங்க." போர்டின் மேல் விரலால் கோடு போட்டாள். "இந்தப் பக்கம் எரநூத்தி முப்பது. இந்தப் பக்கம் வெறும் பன்னண்டு. பேக்கரிக்காரர் மாவுக்கையோட பட்டன அழுத்துற பக்கம். நடுவுல எட்டு மில்லிமீட்டர் செம்பே இருக்கக் கூடாது. ரிலே கால்கிட்ட எனக்கு எட்டு கெடைக்கல, அஞ்சுதான் கெடைச்சுது. அதனால வெட்டு. ஊர்ந்து வர்றது இங்க வந்தா நிக்கணும். இல்ல சுத்திப் போகணும்."

"பள்ளத்தப் பாத்த எறும்பு மாதிரி."

"நீங்க அந்தப் பள்ளத்துல பாலம் கட்டிட்டீங்க. ஈரம் குடிக்கிற பாலம்."

நாத்தனார் டீயை உறிஞ்சினாள். "கட்டினவன் நல்லாத்தான் கட்டியிருக்கான். வழுக்குது பாரு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். நாள் பல ஆயிற்று அவன் சிரித்து. பிளேடை மாற்றிப் பிடித்து அடுத்த முனையிலிருந்து சுரண்டினான். சாம்பல் தூள் காகிதத்தில் விழுந்தது. போர்டைத் திருப்பி, அகலமான செம்புப் பாதையை விரலால் தொடர்ந்தான். ஃபியூஸ், அதிலிருந்து ரிலே, அதிலிருந்து வெளியே போகும் முனை. பக்கத்தில் இன்னொரு பாதை. உள்ளே வந்து, எதையும் தொடாமல், நேராக வெளியே போனது.

"இது என்ன, ஒத்த வயரத்தான் வெட்டுதா?"

"ஆமா. பேஸ வெட்டுது. நியூட்ரல் சும்மா போயிட்டு வருது. எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க?"

"பேஸுன்னா?"

அவள் நிமிர்ந்தாள். வயர்மேன் கேட்கிற கேள்வி இல்லை அது.

"சிவப்பு. கரண்ட் வர்ற வயர். கருப்புல திரும்பிப் போகும். நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

அவன் போர்டைக் கீழே வைத்தான். பிளேடில் சுற்றிய துணியை அவிழ்த்தான். திரும்பவும் சுற்றினான். மழை சற்று நின்று மறுபடி பிடித்தது.

"பேக்கரியில அப்படி இல்ல," என்றான்.

"எது இல்ல?"

"சிவப்புல பேஸ் இல்ல. எல்லா எடத்துலயும் இல்ல. சில எடத்துல கருப்புல ஓடுது."

"யாரு போட்டது அப்படி?"

"நான்தான்."

நாத்தனார் டம்ளரை இறக்கினாள்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம். சிவப்பு வயர் எங்கேயும் வரவில்லை. கையில் ஒன்பது கடை வேலை. எல்லாரும் அவசரப்பட்டார்கள். இருந்த சிவப்பைக் கிடைத்த இடத்தில் போட்டான். தீர்ந்த இடத்தில் கருப்பையே பேஸாகப் போட்டான். பேக்கரியில் சில அலமாரிகளுக்கு இரண்டு நிறமும் இடம் மாறிப்போனது. முனையில் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் போதும், பிறகு வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தான்.

"டேப்பு ஈரத்துல உரிஞ்சு விழும்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு ஞாபகம் இருக்குமேன்னு நெனச்சேன். நான் போட்டதுதானே."

"சலவைக் கடை?" என்றாள் மனைவி.

"அதுவும் அந்த ஒன்பதுல ஒண்ணு."

பிளேடைக் காகிதத்தில் வைத்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"டைமர் அணைஞ்சுது. ஹீட்டர் நின்னுது. கை வெச்சேன். டைமர் சிவப்ப வெட்டியிருக்கு. அங்க சிவப்பு நியூட்ரல். கருப்பு வழியா பேஸ் ஹீட்டர் வரைக்கும் வந்து உக்காந்திருக்கு."

"டெஸ்டர் வெச்சுப் பாக்கலியா நீங்க?"

"இல்ல."

"எப்பவும் பாப்பீங்களே."

"அடுத்தவன் போட்ட வயரா இருந்தா பாத்திருப்பேன். என் வயர்தானேன்னு கை வெச்சுட்டேன்." வலது கையை விரித்துப் பார்த்தான். "கரண்ட்டுக்கு நான் பயப்படல. இந்தக் கைய எப்படி நம்புறதுன்னு தெரியல. அதான் போகல."

நாத்தனார் எழுந்து ஜன்னல் கதவைச் சாத்தினாள். தெருவில் யாரும் இல்லை. இருந்தாலும் சாத்தினாள்.

"இத வெளிய மூச்சு விடாத. ஒன்பது கடைக்காரனும் நல்லாத்தான் இருக்கான். ஏழு வருஷம் ஓடிடுச்சு. நீ பேசாம துணி வெட்ட வா. எவனாவது வந்து மாத்திக்குவான்."

"எவனாவது வந்து என்ன மாதிரி கை வெப்பான்க்கா."

"வெச்சா அவன் பாடு."

"அண்ணி," என்றாள் மனைவி. சத்தமாகச் சொல்லவில்லை. நாத்தனார் நிறுத்திக்கொண்டாள்.

மனைவி எழுந்து மேசைக்குப் போனாள். திட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். மூன்று வாரம் பொய் சொன்னதற்காவது திட்டுவாள். அவள் வெள்ளைத் தாளை இழுத்து, பென்சிலால் இரண்டு நேர்கோடு போட்டாள். இரண்டு கோட்டையும் நடுவில் வெட்டினாள்.

"சரி. அப்ப ரெண்டையும் வெட்டுவோம்."

அவன் எழுந்து வந்து பார்த்தான்.

"ரெண்டு ரிலே," என்றாள். "பேஸுக்கு ஒண்ணு, நியூட்ரலுக்கு ஒண்ணு. ஒரே பட்டன். எது எந்த வயர்ல வந்தாலும் ரெண்டும் அறுந்துடும். ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் இன்னொண்ணு விடும்."

"ஒட்டிக்குமா?"

"ஒரு நாளைக்கு நாலு தடவ ஹீட்டர் ஏறி எறங்கினா உள்ள தீப்பொறி பறக்கும். என்னைக்காவது ஒரு நாள் முனை உருகி ஒட்டும். இத நான் முன்னாலயே யோசிச்சிருக்கணும். சுலபமா இருக்குன்னு ஒண்ணோட விட்டுட்டேன்."

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பினான். பென்சிலை வாங்கினான்.

"அப்படியும் வயர மாத்தித்தான் ஆகணும்."

"எதுக்கு? ரெண்டும்தான் அறுந்துடுதே."

"ஃபியூஸ் எங்க இருக்கு? இங்க. இது நியூட்ரல்ல உக்காந்தா, கோளாறு வந்து ஃபியூஸ் போனாலும் பேஸ் உள்ளயே இருக்கும். உன் போர்டு எவ்வளவு நல்லவளா இருந்தாலும் வர்ற வயர் ஒழுங்கா வரணும்."

அவள் அவனைப் பார்த்தாள். இது அவன் குரல். மூன்று வாரமாகக் கேட்காதது.

"யாரு மாத்துறது?" என்றாள்.

அவன் பென்சிலால் ஃபியூஸைச் சுற்றி வட்டம் போட்டான்.

"கிறுக்குப் பிடிச்ச குடும்பம்," என்று நாத்தனார் குடையை எடுத்தாள். வாசலில் திரும்பினாள். "டீ நல்லாத்தான் இருக்கு. வேற தொழிலே கெடைக்கலன்னா டீக்கடை போடு."

புது போர்டை வெளியே கொடுத்து அடிக்க நேரமில்லை. வியாழன் காலையில் அவள் கணினியில் வரைந்து முடித்தாள். மதியம் வழவழப்பான தாளில் அச்செடுத்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, துணி தேய்க்கும் பெட்டியால் அழுத்தினாள். சூடு ஆறியதும் தண்ணீரில் ஊற வைத்துத் தாளை உரித்தாள். கருப்புக் கோடுகள் செம்பில் ஒட்டி நின்றன. பிளாஸ்டிக் தொட்டியில் அரிக்கும் திரவத்தை ஊற்றினாள். துருப்பிடித்த இரும்பின் வாடை முன்னறையை நிறைத்தது. தொட்டியை அவன் ஆட்டினான். இருபது நிமிடம், ஒரே சீராக. மறைக்காத இடத்திலிருந்து செம்பு கரைந்து போயிற்று.

"போதுமா?"

"இன்னும் நடுவுல ஒரு நிழல் தெரியுது. அது போகணும்."

கரண்ட் அதிகம் ஓடும் பாதைகளின் மேல் அவள் தடிமனாகச் சோல்டரை ஓட்டினாள். வெள்ளிக்கிழமை துளைகள் போட்டார்கள். ரிலே கால்களுக்கு நடுவே வெட்டை இந்த முறை அவனே போட்டான். இரண்டு முனையிலும் சிறு துளை, இடையில் மெல்லிய ரம்பம், பிறகு அரம். எட்டு வெட்டுகள். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஒன்றில் மயிரிழை அளவுக்கு நார் நின்றது. மறுபடி அராவினான்.

"அது பரவாயில்ல, விடுங்க," என்றாள் அவள்.

"எறும்பு ஏறும்," என்றான்.

மாலையில் அவள் பன்னிரண்டு வோல்ட்டைக் கொடுத்துப் பட்டனை அழுத்தினாள். இரண்டு ரிலேயும் ஒரே சத்தமாக அடித்தன. அவன் இன்னொரு தடவை என்றான். அழுத்தினாள். ஐம்பது தடவை எண்ணினான். சனிக்கிழமை வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. அவள் போர்டுகளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்த்தபோது அவன் பின்னால் நின்றான். தோளில் கருவிப் பை.

பேக்கரியில் மதிய வேலை முடிந்திருந்தது. தரையில் மாவு, அதில் கால் தடங்கள். சுவர்கள் வியர்த்திருந்தன. பேக்கரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாப்பா. கை எப்படி?"

"இருக்கு அண்ணே. போர்டு மாட்டறதுக்கு முன்னால ஒரு விஷயம் சொல்லணும்."

அவன் சொன்னான். சிவப்பு வயர் வராதது, கருப்பில் பேஸ் போட்டது, டேப் உரிந்தது, சலவைக் கடை. எதையும் விடவில்லை. மூன்று நிமிடம் ஆயிற்று. பேக்கரிக்காரர் ஒரு மேசையில் சாய்ந்துகொண்டார்.

"ஏழு வருஷமாவா?"

"ஆமா."

"தெனம் அந்த அலமாரிக்குள்ள கைய விட்டுத் துடைக்கிறேன்யா நான்."

"தெரியும்."

"எனக்கு ஒண்ணும் ஆகலியே."

"உங்க அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டம் இல்ல. ரப்பர் செருப்பு. செருப்பில்லாம உள்ள வராதன்னு என் பொண்டாட்டி கத்துவா." செருப்பைக் கீழே பார்த்தார். "ஏன்யா இப்ப சொல்ற? மாட்டிட்டுப் பேசாம போயிருக்கலாமே?"

"மாத்தணும்ல. சொல்லாம மாத்தினா அது திருட்டு வேலை மாதிரி இருக்கும்."

பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். அவர் மூச்சை விட்டார்.

"சரி, மாத்து. இன்னொரு தடவ சிவப்பு தீந்துபோனா கடைய மூடிட்டுக் காத்திருக்கச் சொல்லு. ரொட்டி இல்லாம யாரும் சாகமாட்டான்."

அவன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தான். வயர் மாறிய அலமாரிகளை நினைவிலிருந்து எழுதியது. இரண்டாவது அலமாரி, நான்காவது அலமாரி. டெஸ்டரை எடுத்தான். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு முனையில் வைத்து, டெஸ்டர் எரிகிறதா என்று பார்த்தான். பிறகு முதல் பெட்டியைத் திறந்தான். கையை உள்ளே நீட்டினான். எடுத்துக்கொண்டான். பேன்ட்டில் துடைத்தான். மறுபடி வைத்தான்.

அவள் மெயின் சுவிட்சின் பிடியில் கை வைத்து நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை.

முதல் அலமாரி, சிவப்பில் எரிந்தது. இரண்டாவது, கருப்பில். மூன்றாவது பெட்டியில் டெஸ்டரைச் சிவப்பில் வைத்தான். எரியவில்லை. கருப்பில் வைத்தான். எரிந்தது. தாளைப் பார்த்தான். தாளில் மூன்று இல்லை.

"மூணாவதும்," என்றான், சத்தமாக. "எழுதினது தப்பு. மூணாவதுலயும் கருப்பு."

தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டான். அதற்குப் பிறகு கையைத் துடைக்கவில்லை. நான்காவதைப் பார்த்துவிட்டு, "அணை," என்றான். அவள் மெயினை இறக்கினாள். ஒவ்வொரு முனையாக மறுபடி டெஸ்டரை வைத்துப் பார்த்தான். வயர்களைக் கழற்றினான். மாற்றினான். பேஸ் வரும் கருப்பு வயர் ஒவ்வொன்றின் முனையிலும் அவள் கொடுத்த சிவப்புக் குழாயையும், நியூட்ரலான சிவப்பு வயரில் கருப்புக் குழாயையும் நுழைத்து, சூடு காட்டிச் சுருக்கினான். இழுத்துப் பார்த்தான். வரவில்லை. போர்டுகளைப் பெட்டிக்குள் திருகினான். சொட்டு வியர்வை மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கையில்லை. தோளில் தேய்த்துக்கொண்டான்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று.

"போடு."

அவள் மெயினை ஏற்றினாள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு பட்டனை அழுத்தினார். ரிலேக்கள் அடித்தன. சற்று நேரத்தில் அலமாரியிலிருந்து சூடு முகத்தில் பட்டது. மறுபடி அழுத்தச் சொன்னான். அணைந்தது. ஹீட்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டரை வைத்தான். இரண்டிலும் எரியவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பார்த்தாள். தலையாட்டினாள்.

அவர்கள் கிளம்பும்போது எதிர்க்கடை சலூன்காரர் ஓடி வந்தார். தோளில் துண்டு, கையில் நுரை.

"நாலு பன்னு குடுங்க, சீக்கிரம். ஆள் ஒக்காந்திருக்காரு."

வயர்மேன் பையைக் கீழே வைத்தான்.

"அண்ணே, உங்க கடைக்கு வயர் போட்டது நான்தான்."

"தெரியுமே. அதுக்கென்ன?"

"அதுல ஒரு தப்பு இருக்கு. பேஸ் மாறியிருக்கும். இப்பவே பாக்கணும்."

"இப்பவா? பாதி மூஞ்சிதான்யா வழிச்சிருக்கேன். பசிக்குதேன்னு ஓடியாந்தேன்."

"மீதிப் பாதிய அப்புறம் வழிங்க."

"ஏழு வருஷமா எரியுது லைட்டு. இன்னைக்கு என்ன திடீர்னு?"

"இன்னைக்குத்தான் வந்திருக்கேன்," என்றான் வயர்மேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தான். சலூன்காரர் பன்னோடு பின்னால் ஓடினார்.

அவள் பேக்கரி வாசலிலேயே நின்றாள். கூடப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. மழையில் கழுவிய தெரு பளிச்சென்று இருந்தது. எதிரே சலூன் கண்ணாடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஒருவர், கன்னத்தில் நுரையோடு, கழுத்தை நீட்டியபடி.

விளக்கு அணைந்தது.

"யோவ், யாருய்யா அது!" என்று உள்ளே கத்தினார்கள்.

"பதறாதீங்க," என்றது அவன் குரல். "அணைஞ்சா மட்டும் போதாது. செத்துடுச்சான்னு பாக்கணும்."